எட்டாத இடத்துப் பாடம்

கல்வி எல்லார்க்கும் பொது என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அம்முழக்கம் உண்மையாயின், பாடத்தை உயரத்தில் வைத்துவிட்டு, எட்டிப் பிடித்தவனைக் கெட்டிக்காரன் என்றும், எட்டாதவனைச் சோம்பேறி என்றும் அழைப்பது நீதியாகுமா? இணையத்தின் வழியே பாடம் புகட்டும் இந்நாளில், ஆசிரியரும் பெற்றோரும் தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவேயாகும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. பாடங்கள் கைப்பேசிக்குள் குடியேறின. அவ்வாண்டு கல்வி அமைச்சு எடுத்த ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்பது வெளிப்பட்டது. சபா மாநிலத்தில் ஒரு மாணவி, அலைவரிசை கிடைக்கும் பொருட்டு மரத்தின்மீது ஏறியிருந்து தேர்வெழுதிய செய்தியும் அவ்வாண்டினதே. அவள் ஊக்கத்தைப் பலர் புகழ்ந்தனர். அவளை மரமேற வைத்தது எது என்று கேட்டோர் சிலரே.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன். நான் தோட்டத்துக் கிராணி. எங்கள் லயங்களில் அலைவரிசை நிற்பதில்லை. ஆபீசில் மட்டும் இணைப்பு உண்டு. அவ்வாண்டில் ஒருநாள், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், ஆறாம் ஆண்டு படிப்பவள், தந்தையின் கைப்பேசியுடன் ஆபீஸ் வராந்தாவில் வந்து நின்றாள். "ஐயா, பாடம் எடுத்துக்கொள்ளலாமா?" என்றாள். ஆபீஸ் இணைப்பு ஆபீஸ் காரியத்துக்கே என்று விதியை எடுத்துரைத்தேன். மறுமொழி கூறாமல் போய்விட்டாள்.

அன்றிரவு என் மகன் வீட்டில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் குவாட்டர்சுக்கு வருவதும் அதே ஆபீஸ் இணைப்புதான் என்பது அப்பொழுதுதான் என் நெஞ்சில் உறைத்தது. விதி அவளுக்கு மட்டும் இருந்தது. என் பிள்ளைக்கு இல்லை. மறுநாள் நிர்வாகியிடம் சென்று கேட்டேன். மாலையில் ஒரு மணி நேரம் தந்தார். ஏழு பிள்ளைகள் வராந்தாவில் இடைவெளி விட்டு அமர்ந்து படித்தனர். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.

நிற்க. இவ்வாறு கூறுவதால் இணையத்தை வெறுத்தொதுக்க வேண்டும் என்பது கருத்தன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை விலையின்றி உலகெங்கும் கொண்டு சேர்க்கின்றது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா நம் மொழியிலேயே பல்துறைச் செய்திகளைத் தருகின்றது. நெஞ்சப்பை சுருங்கி விரிவதையும், நிலவைப் புவி நிழல் மறைப்பதையும் தோட்டத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தபடியே காணலாம். நூலகம் சிறுத்த பள்ளிக்கு இது பெருஞ்செல்வம். அதனை மறுப்பது ஏழைப் பிள்ளையை மீண்டும் ஏழையாக்குவதாகும்.

பின்னர், வேற்றுமை எங்கே? ஆசிரியர் வகுப்பில் ஒரு திரையை ஏற்றி அனைவர்க்கும் காட்டும்போது, அக்கருவி நாற்பது பிள்ளைகளுக்கும் பொது. அதே பாடத்தை "வீட்டில் பார்த்து விடை அனுப்புக" என்று சொன்னவுடன், அது தந்தையின் வருவாயைச் சார்ந்ததாகிவிடுகின்றது. பாடம் மாறவில்லை, அதை அடையும் வழி மாறிவிட்டது. பிள்ளை பெறும் மதிப்பெண்ணில் அவன் அறிவு எவ்வளவு, வீட்டு வசதி எவ்வளவு என்று பிரித்தறிய எவராலும் இயலாது.

அரசாங்கம் கருவி கொடுத்தால் குறை தீர்ந்துவிடும் என்பாரும் உளர். தேவைதான், ஆயின் போதாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கப் பணித்தது. கொட்டகைகள் எழுந்தன; அவற்றுள் பலவற்றில் கல்வி பெயரளவில் நின்றது. 2011இல் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணையம் தரும் பெருந்திட்டம் வகுக்கப்பெற்றது. அத்திட்டத்தின் கற்றல் தளத்தை மாணவரும் ஆசிரியரும் மிகக் குறைவாகவே பயன்படுத்தினர் என்று 2013ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை கூறிற்று. 2019இல் திட்டம் முடிவுற்றது. அன்று கொட்டகையும் பின்னாளில் கம்பியும் வந்தன. இரண்டிற்கும் உயிர் தர வேண்டியது மனிதரின் அக்கறையே.

ஆகவே ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றேன்: இணையத்தில் வேலை தருமுன் வகுப்பில் எத்தனை பேர்க்கு அது எட்டும் என்று எண்ணிப் பாருங்கள். எட்டாதவன் ஒருவனே ஆயினும், அவ்வேலையைப் பள்ளி நேரத்தில் பள்ளிக் கணினியில் செய்ய வையுங்கள். அன்றேல் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். தோட்டங்களில் என்போல் கிராணி வேலை பார்ப்போரையும் வேண்டுகின்றேன்: வராந்தாவில் ஒரு பிள்ளை வந்து நின்றால், விதியை ஓதுமுன் உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த இணைப்பில் படிக்கின்றது என்று பாருங்கள்.