மனத்துயரம் ஈமானின் குறையா?

செஞ்சியில் ஒரு தந்தை நம்மிடம் வந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் சில வாரங்களாக எவருடனும் பேசுவதில்லை, சரியாக உண்பதுமில்லை. பள்ளியில் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்களாம். "நாலு பேர் பைத்தியம் என்பார்களே, ஹஜ்ரத்! ஈமானுள்ள பிள்ளைக்கு இது எதற்கு?" என்றார். நாமும் தண்ணீர் ஓதிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரவெல்லாம் அது நம்மை உறுத்தியது. யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயினவென்று குர்ஆன் கூறுகிறது. அந்த நபியின் ஈமானில் குறை சொல்ல யாருக்குத் துணிவுண்டு? அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூ உமைர், வளர்த்த குருவி இறந்து வாடியிருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பற்றியே அன்போடு விசாரித்தார்கள்.

ஆலோசகரின் பணியும் இதுவே: அதட்டாமல் கேட்பது, காரணமறிவது, தேவையானால் மருத்துவரிடம் அனுப்புவது. கேட்டதைக் காப்பது அவர்மீதுள்ள அமானிதம். உயிருக்கு ஆபத்தென்றால் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். ஆலோசகர் இல்லாத ஊராருக்கு, 2022 முதல் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணும் உண்டு.

மறுநாள் நாமே அவர் வீடு சென்று, ஆலோசகரிடம் அழைத்துப் போகச் சொன்னோம். பெற்றோரே! ஓதிப் பார்ப்பதும் வேண்டும். கேட்டுப் பார்ப்பதும் வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதி தருவானாக! ஆமீன்.