நல்லா உழைக்கும்

லோபாக் வீட்டுப் பின்பக்கம் தாத்தாவுடைய பாராங் தொங்குகிறது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. தோட்டத்தில் செடி, செம்பனை மட்டை, வேலிக்கட்டை என்று வெட்டி வெட்டி, வாய் ஒரு விரல் அகலம் தேய்ந்துவிட்டது. பிடி மூன்று தடவை மாத்தியாச்சு. "இன்னும் நல்லா உழைக்கும்டா" என்பார்.

நான் படித்த சோதனை வேறு மாதிரி. சார்பி சோதனையில் 55 மில்லிமீட்டர் நீள எஃகுத் துண்டில் காடி வெட்டி, ஊசல் சுத்தியலால் ஒரே அடி. உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவானது என்பதுதான் விடை. துண்டு குப்பைக்கு. அதில் எனக்கு உறுத்தல் இல்லை. மற்றவை உடையாமல் இருக்கத்தானே அது உடைகிறது.

உறுத்துவது அந்தச் சொல். பொருள் நீடித்தாலும் உழைக்கும், மனுசன் பாடுபட்டாலும் உழைப்பு. தாத்தாவை "நல்லா உழைப்பாரு" என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் பெருமையாக இருக்கும். இப்போது, எதுவரைக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆளுக்கு மாதிரித் துண்டு கிடையாதே. தாங்குமா என்று பார்ப்பது அவர் தோளிலேயேதான்.

போன வாரம் வேலிக்குக் கட்டை வெட்டினேன். பாராங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. தாத்தா அஞ்சடியில் உட்கார்ந்து, தோளுக்கு மேல் எழாத வலது கையால் எங்கே வெட்டணும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.