நந்தவனத்தில் களை

11-ஆம் நூற்றாண்டில் பூவிருந்தவல்லியில் அவதரித்து, தாம் வளர்த்த மலர்களைத் தொடுத்துச் சென்று காஞ்சி வரதராஜனுக்குச் சமர்ப்பித்து, அப்பெருமானுக்கு ஆலவட்டம் வீசி, இராமாநுஜருடைய ஐயங்களுக்கு அவனிடமே விடை பெற்றுத் தந்தவர் என்று வைணவ மரபு போற்றும் திருக்கச்சி நம்பிகளின் ஊரில், பராமரிப்பின்றிப் பாழ்பட்ட ஒரு நந்தவனத்தைச் சீர்திருத்தப் புகுபவன், மண்வெட்டியை எடுத்த மாத்திரத்தில் ஒரு தர்மசங்கடத்தைச் சந்திக்கிறான். பூச்செடி வைப்பதற்காக, அங்கே தாமாக வந்து குடியேறிய எத்தனையோ உயிர்களை வேரோடு களைவது ஹிம்சையாகாதோ?

ஈசுவரனுக்காகச் செய்வதால் தோஷமில்லை என்பார்கள். இது மிகவும் சௌகரியமான சமாதானம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாம் பிடுங்கி எறியும் தும்பையும் எருக்கும் சிவபெருமானுக்கு உகந்தவை. அருகம்புல்லோ பிள்ளையாருக்கே உரியது. ஆகவே குற்றம் செடியிடத்தில் இல்லை. துளசிக்கும் நந்தியாவட்டைக்கும் இடம் வேண்டும் என்று சங்கற்பித்துக்கொண்ட நம்மிடத்திலேதான் களை என்னும் பேதம் பிறக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களைச் செதுக்கிய திருநாவுக்கரசரின் தொண்டும் வெட்டுகின்ற தொண்டுதானே! ஹிம்சை உண்டென்று அறிந்து, வேண்டிய அளவுக்கு மேல் வெட்டாதிருப்பதே தொண்டனுக்கு விதித்த நியமம் என்பேன்.

கோரை விஷயத்தில் இந்த விசாரத்துக்கே அவகாசமில்லை. மேலே எவ்வளவு செதுக்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கிறது. ஐப்பசி மழை இறங்கியதும் அது மறுபடியும் தலையெடுக்கும், தொண்டனும் மறுபடியும் குனிய வேண்டியதுதான்.