தேய்ந்த பங்கு யாருடையது?

அறைகலன்களோடு வாடகைக்கு விடப்படும் வீட்டில் குடியேறும்போது, நமக்கு உரிமையில்லாத பொருள்களின் நடுவே நாம் வாழத் தொடங்குகிறோம். பிரம்பு நாற்காலி, தேக்குக் கட்டில், எழுது மேசை, ஸ்டீல் பீரோ ஆகியவை பெரும்பாலும் வாய்மொழியாகவே ஒப்படைக்கப்படுகின்றன. நான்கைந்து ஆண்டுகளில் பிரம்பு தளர்ந்து இருக்கையில் குழி விழுகிறது. பீரோவின் அடியில் துரு ஏறுகிறது. மேசையின் இழுப்பறை திறக்க மறுக்கிறது. காலி செய்யும் நாளில், "நான் கொடுத்தபோது புதிதாக இருந்ததே!" என்கிறார் வீட்டுக்காரர். "உட்காரத்தானே நாற்காலி? உட்கார்ந்தோம்" என்கிறோம் நாம். இருவர் சொல்வதும் உண்மையே. அப்படியாயின் அந்தக் குழிக்கு யார் பொறுப்பு?

சட்டம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வாடகைக்குப் பெற்ற சொத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தருமாறு குடியிருப்போரைப் பணிக்கிறது. நியாயமான தேய்மானத்தாலும் தடுக்க இயலாத ஆற்றலாலும் நேர்ந்த மாறுதல்களுக்கு மட்டும் அது விலக்கு அளிக்கிறது. ஆனால் 'நியாயமான' என்னும் சொல்லை அளந்து பார்க்கும் கோல் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அது மனச்சான்றின் கையில் விடப்பட்டுள்ளது.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் வட்டியைப் பற்றி ஆராயும்போது பொருள்களை இரு வகையாகப் பிரித்தார். திராட்சை மதுவும் கோதுமையும் பயன்படுத்தும்போதே அழிந்துவிடுவன. மதுவுக்கு ஒரு விலையும் அதைப் பருகுவதற்கு இன்னொரு விலையும் கேட்பவர், ஒரே பொருளை இருமுறை விற்கிறார் என்பது அவர் கருத்து. வீடு அப்படியன்று. அதில் குடியிருப்பது அதை அழிப்பதாகாது; எனவே உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பயன்பாட்டுக்கு மட்டும் வாடகை வாங்குவது முறையே. வெள்ளிப் பாத்திரங்களையும் அவர் வீட்டின் பக்கமே சேர்க்கிறார்.

பிரம்பு நாற்காலியை எந்தப் பக்கத்தில் வைப்பது? அது வெள்ளியும் அன்று, கோதுமையும் அன்று. ஒவ்வொரு முறை அமரும்போதும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு பங்கை நாம் அதிலிருந்து உண்டுவிடுகிறோம். அறைகலன் இல்லாத வீட்டைவிட அறைகலன் உள்ள வீட்டுக்கு வாடகை கூடுதல். அந்தக் கூடுதல் தொகையில் நாம் உண்ட பங்கின் விலையும் அடங்கியிருக்கிறது. ஆகவே, மாதந்தோறும் அதைப் பெற்றுக்கொண்டவர், இறுதியில் புது நாற்காலியின் விலையை முன்பணத்தில் பிடித்துக்கொள்வாராயின், ஒரே தேய்மானத்துக்கு இருமுறை விலை வாங்குகிறார் என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வாறு சொன்னதும் நம்முள் பலருக்கு நிம்மதி பிறக்கலாம். அது அவசர நிம்மதி. எதையும் உடைமையாக்கிக்கொள்ளாமல் பயன்படுத்த மட்டும் செய்வோம் என்று அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் துறவியர் வாழ முற்பட்டபோது, திருச்சபையிலேயே இக்கேள்வி எழுந்தது. பயன்பாடு துறவியருக்கு, உரிமை திருப்பீடத்துக்கு என்று 1279இல் திருத்தந்தை 3ஆம் நிக்கோலாஸ் வரையறுத்தார். 1322இல் திருத்தந்தை 22ஆம் யோவான் அதை ஏற்கவில்லை. பயன்படுத்தும்போதே அழியும் பொருள்களில் பயன்பாட்டை உரிமையிலிருந்து பிரிக்க இயலாது என்றார் அவர். அந்த வழக்கின் கசப்பு ஒருபுறம் இருக்கட்டும். அவருடைய வாதம் நம் கூடத்து நாற்காலிக்கும் பொருந்துகிறது. நாம் தேய்த்த பங்கு, தேய்த்த அளவில் நம்முடையதாகிவிடுகிறது. "நம்முடையதா என்ன?" என்று சொல்லிக்கொண்டே கட்டிலைத் தூக்காமல் இழுப்பதற்கும், கொதிக்கும் பாத்திரத்தை மேசைமேல் அப்படியே வைப்பதற்கும் இனி இடமில்லை. அமர்ந்து தளர்ந்த பிரம்புக்கு வாடகை ஈடாகும். சூடுபட்டுக் கருகிய மேசைக்கு ஆகாது.

இதனினும் கொடியது மறைப்பு. ஒடிந்த கட்டில் காலுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து, மேலே விரிப்பைத் தாழவிட்டுச் சாவியை ஒப்படைக்கிறோம். வீட்டுக்காரரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் வாய் திறப்பதில்லை. அடுத்து வருபவரிடம் முழு வாடகை கேட்க வேண்டுமே! இருவரும் சிரித்தமுகத்தோடு பிரிகின்றனர். முதல் இரவில் சாய்ந்து விழப்போகிறவரோ இக்கணக்குவழக்கில் கலந்துகொள்ளாத மூன்றாமவர்.

வாடகை வீட்டில் நம் சொந்தப் பொருள்களும் தேய்கின்றன. பிரம்பைப் புதிதாகப் பின்னலாம். பார்வையற்ற பலருக்கு அப்பின்னல் வேலையே நெடுங்காலம் பிழைப்பாக இருந்து வந்துள்ளது. இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, மீண்டும் தைக்கலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக் கட்டிலுக்கு இவ்வழியில்லை. நீர்பட்டால் ஊதிப்போகிறது, கழன்ற திருகாணி மறுமுறை பிடிப்பதில்லை. இரும்பை எடைக்கு எடுக்கும் பழைய சாமான் கடைக்காரரும் அதைக் கண்டால் கையை விரித்துவிடுகிறார். அப்போதுதான் நமக்கு ஏழைகளின் நினைவு வருகிறது.

"பரவாயில்லை, நீயே எடுத்துக்கொண்டு போம்மா" என்று வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம் சொல்கிறோம். "சரிங்கம்மா" என்கிறார் அவர். ஆட்டம் காணும் அக்கட்டில் அவரது ஒற்றை அறையில் கொள்ளுமா என்று நாம் கேட்பதில்லை. அவரது வீடும் வாடகை வீடுதான் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. நம்மிடம் வேலை பார்ப்பவர் 'வேண்டாம்' என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஒரு மாதம் சென்றபின் அதை உடைத்து அப்புறப்படுத்தும் வேலை அவர் தலையில் விழுகிறது. அன்று அதை ஏற்றிச் சென்ற மூன்று சக்கர வண்டிக்கான சத்தத்தையும் அவரே கொடுத்திருப்பார்.