அழைப்புப் பட்டியலில் யார்?

நான்கு வயதுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு யாரை அழைப்பது என்பது பெரும்பாலும் செலவுக் கணக்காகவே பேசப்படுகிறது. மினி ஹாலா, மொட்டைமாடியா; ஐம்பது பேரா, பதினைந்து பேரா; தட்டுக்கு எவ்வளவு. இதற்குள் ஓர் அறக்கேள்வியும் இருக்கிறது. முதல் பிறந்தநாளில் அது அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை. தமிழ்நாட்டில் பல வீடுகளில் முதலாண்டு நிறைவு சடங்கோடு சேர்ந்தது. மொட்டை, காதுகுத்து, சிலர் வீட்டில் ஆயுஷ்ய ஹோமம். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார வேண்டும், பங்காளிகள் வந்தாக வேண்டும். யார் வர வேண்டும் என்பதை முறையே சொல்லிவிடும். இரண்டாம் வயதிலிருந்து முறை ஒதுங்கிக்கொள்கிறது. ஜென்ம நட்சத்திரத்தன்று கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம் என்று முடிந்த நாள், ஆங்கிலத் தேதியில் கேக்கும் பலூனுமாக மாறிவிட்ட பிறகு, யாரை அழைப்பது என்பது முழுக்கப் பெற்றோரின் விருப்பம். விருப்பம் என்று வந்துவிட்டால் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது.

பட்டியல் தயாராகும் விதத்தைக் கவனித்தால் போதும். அலுவலகத்தில் ஆறு பேரைக் கூப்பிட நினைத்து, விட்டுப்போனவருக்குத் தெரிந்துவிடுமே என்று பத்தாகிறது. போன வருடம் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தவர்கள், எதிர்வீட்டார், செய்முறை பாக்கியுள்ள சொந்தங்கள் என்று நீண்டு, மிச்சமிருக்கும் இடத்தில் குழந்தைகள் வருகிறார்கள். கொடுக்கல் வாங்கலை இழிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்தில் நோட்டுப் போட்டுப் பெயரும் தொகையும் எழுதிக்கொள்கிறார்கள். வாங்கியவர் தன் முறை வரும்போது திருப்பிச் செய்கிறார். தொழில் தொடங்கவும் கடன் அடைக்கவும் அது பல குடும்பங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் அங்கே பத்திரிகையில் இருப்பது விருந்து வைப்பவரின் பெயர். எதற்காக வைக்கிறார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. பிறந்தநாள் அழைப்பில் இருப்பதோ குழந்தையின் பெயரும் படமும். பெரியவர்களின் கணக்கை அந்தப் பெயரில் தீர்த்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது. ஆறரை மணி என்று போட்டிருப்பார்கள். எட்டாகியும் கேக் வெட்டப்படாது, முக்கியமான ஒருவர் இன்னும் வந்துகொண்டிருப்பார். ஜரிகை ஷெர்வானியின் காலர் கழுத்தை உறுத்த, பசியும் தூக்கமுமாகக் குழந்தை சிணுங்கும். பார்ட்டி பாப்பர் வெடித்ததும் வீறிட்டு அழும். 'இங்க பாரு, இங்க பாரு' என்று புகைப்படக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டுவார். அந்த அறையில் யாருக்கு விழா நடக்கிறதோ அவர் ஒருவர்தான் வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.

'நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது, பெரியவர்கள் சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டுமே' என்பது உடனே எழும் மறுப்பு. அதில் பாதி உண்மை உண்டு. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலோருக்கு நினைவில் தங்குவதில்லை என்பது உளவியலில் நெடுநாளாக ஏற்கப்பட்ட செய்தி. நான்காம் வயதின் நினைவுகளும் துண்டுதுண்டாகத்தான் மிஞ்சும். ஆனால் நினைவில் நிற்காதது நடக்காததாகிவிடாது. மறந்துவிடுவார் என்ற தைரியத்தில் ஒருவரைப் படுத்தலாம் என்றால், நினைவு தப்பிய முதியவர்களை எப்படி நடத்தினாலும் குற்றமில்லை என்றாகும். அதை யாரும் ஒப்பமாட்டார்கள். மீதிப் பாதியை, அதாவது பெரியவர்களின் மகிழ்ச்சியை, தள்ளிவிட வேண்டியதில்லை. பாட்டி தாத்தாவும் மடியில் தூக்கி வளர்த்த அத்தையும் குழந்தையின் உலகத்துக்குள் ஏற்கெனவே இருப்பவர்கள். அவர்களை அழைக்கத் தனி நியாயம் தேவையில்லை. குழந்தைக்கு முகம் தெரியாத நாற்பது பேருக்குத்தான் நியாயம் தேட வேண்டியிருக்கிறது. அவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைத் தீபாவளிக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ செய்யலாம்.

ஆகவே சிறிய விழா என்ற முடிவுக்கு வருவது எளிது. வயதுக்கு ஒன்று கூடுதலாகக் குழந்தைகளை அழைத்தால் போதும் என்று மேல்நாட்டில் பெற்றோரிடையே ஒரு வழக்கு உண்டு. நான்கு வயதுக்கு ஐந்து பேர். இந்தக் கணக்கு நம் ஊருக்கும் பொருந்தும். ஆனால் சிறிதாகச் செய்வதாலேயே ஒரு விழா குற்றமற்றதாகிவிடாது. ஐம்பது பேரை அழைக்கும்போது எழாத கேள்வி, ஐந்து பேரை அழைக்கும்போது எழுகிறது: ஆறாவது குழந்தை யார்? விடுபட்ட பெரியவருக்கு வருத்தம் இருக்கலாம், ஆனால் காரணத்தைத் தானே யோசித்து ஆற்றிக்கொள்ள அவருக்கு முடியும். எல்.கே.ஜி. வகுப்பில் பக்கத்து நாற்காலிக்குக் கார்டு கிடைத்து, தன் கைக்கு வராமல் போன குழந்தையால் அது முடியாது. அதனால் இடம் போதாதபோது பெரியவர்கள் பட்டியலில்தான் முதலில் கை வைக்க வேண்டும். வகுப்புக் குழந்தைகளில் சிலரை மட்டும் அழைப்பதானால் வகுப்பறைக்குள் கார்டு நீட்டாமல் பெற்றோரிடம் தனித்தனியாகப் பேசிக்கொள்ளலாம். ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுவதும் இரண்டு மூன்று பேரை மட்டும் விட்டுவிடுவதும் ஒன்றல்ல; பின்னதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

விடுபடுவதிலேயே கடினமானது வகுப்பில் நடப்பதல்ல, வீட்டுக்குள்ளேயே நடப்பது. பள்ளி விடுமுறை நாட்களில் தாயோடு வேலைவீட்டுக்கு வந்து, அந்த வீட்டுக் குழந்தையோடு கூடத்தில் கார் உருட்டி விளையாடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பிறந்தநாள் மாலையில் அதற்கு எங்கே இடம்? பல வீடுகளில் வழக்கம் இதுதான்: தாய் அன்று கூடுதல் நேரம் நின்று பாத்திரம் தேய்ப்பார், பிள்ளை சமையலறை வாசலில் நின்று எட்டிப்பார்க்கும். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பேப்பர் பிளேட்டில் சரிந்துபோன கேக் துண்டும் சிப்ஸும் வைத்து, மேலே ஃபாயில் மூடி, 'வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடு' என்று கொடுப்பார்கள். கொடுப்பவர் மனதில் வஞ்சனை இருக்காது, அன்பு இருக்கும். ஆனால் அந்த வீட்டுக் குழந்தையிடம் 'யாரைக் கூப்பிடலாம்?' என்று கேட்டிருந்தால் முதலில் வந்திருக்கும் பெயர் அந்தப் பிள்ளையுடையது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கை சொல்கிறது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றது. பிறந்தநாள் கேக்கை மனதில் வைத்து அதை எழுதியிருக்க மாட்டார்கள்தான். என்றாலும் நான்கு வயதில் ஒருவரால் தெளிவாகச் சொல்லக்கூடிய கருத்து ஒன்று உண்டென்றால், யாரோடு விளையாடப் பிடிக்கும் என்பதே அது.

இங்கே வரும் மறுப்புகளில் ஒன்று வலுவானது. அழைத்தால் அந்தத் தாய் வெறுங்கையோடு வரக் கூசுவார், சம்பளத்தில் முன்பணம் கேட்டாவது பரிசு வாங்குவார், மற்றப் பிள்ளைகளின் உடுப்புக்கு நடுவே தன் பிள்ளையின் உடுப்பைப் பார்த்து வருந்துவார். அழைக்காமல் விடுவதுதான் கருணை என்பது அந்த வாதம். அந்தச் சங்கடம் உண்மையானது. ஆனால் அதை உண்டாக்குவது விழாவின் அமைப்பு, அந்தப் பிள்ளையின் வருகை அல்ல. பரிசு வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டால் (அவருக்கு மட்டும் தனியாகச் சொன்னால் அது அவமானம்) சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடும். ரிட்டர்ன் கிஃப்டையும் அதோடு நிறுத்தலாம். பிளாஸ்டிக் பென்சில் டப்பாக்கள் எந்த வீட்டிலும் குறைந்துபோய்விடவில்லை. உடுப்பு விஷயம், ஹாலை விட்டு மொட்டைமாடியில் பாய் விரித்துக் குழந்தைகளை ஓடவிட்டால் அரைமணியில் எல்லார் முட்டியிலும் அழுக்கு. பிள்ளை விருந்தாளியாக வந்திருக்கும்போது தாய் உள்ளே தம்ளர் கழுவிக்கொண்டிருக்க முடியாது, அன்று வீட்டுக்காரர்கள்தான் கழுவ வேண்டும். பதினைந்து பேர் என்றால் அது முடிகிற காரியம். ஐம்பது பேருக்கு நடத்தும் விழாவில் அந்தப் பெண் அன்று வேலைக்கு இருந்தே ஆகவேண்டும். பதினைந்து பேர் விழாவில் அந்தக் கட்டாயம் இல்லை. சிறிய விழாவுக்குச் சொல்லக்கூடிய நியாயங்களில், மிச்சமாகும் பணத்தைவிட இது பெரிது.

வேறொரு பாதையைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. விழாவே வேண்டாம், அந்தப் பணத்தில் ஏதாவது ஓர் இல்லத்தில் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு போடலாம் என்பார்கள். சாப்பாடு நல்ல காரியம்; அதைக் குறைசொல்பவர்கள் பசியை அறியாதவர்கள். குறை, அதைச் சுற்றி வைத்திருக்கும் நடைமுறையில். தட்டு முன்னால் இருக்க, முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காக அத்தனை பிள்ளைகளும் கைதட்டிப் பாட்டுப் பாட வேண்டும். பிறகு நான்கு வயதுக்காரரின் கையில் கரண்டியைக் கொடுத்துப் பரிமாற வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகத்திலோ வேறு தகவல்தொடர்பு வடிவிலோ வெளிப்படுத்தக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், பந்தியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகள் அன்று விருந்தாளிகள் அல்லர், வேடிக்கைப் பொருட்கள். பணத்தைத் தேதி பார்க்காமல், பெயர் சொல்லாமல், இல்லத்துக்குத் தேவைப்படும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்குக் கொடுத்துவிட்டு வரலாம். வீட்டுக் கேக்கை வீட்டில் வெட்டிக்கொள்ளலாம்.

ஒரு பலூன் விஷயத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். மனிதர்களை வரிசைப்படுத்துவது எப்படி என்பதைக் குழந்தை வெகு சீக்கிரம் கவனிக்கத் தொடங்குகிறது. யார் சோபாவில், யார் வாசலில் என்பது பாடம் நடத்தாமலே படிந்துவிடும். அதைவிடத் தீராத சிக்கல் ஒன்று மீதம் இருக்கிறது. முதலாளி வீட்டு அழைப்பை மறுப்பது வேலை செய்பவருக்கு எளிதல்ல. நல்லெண்ணத்தில் விடுத்த அழைப்பே கட்டளைபோல் காதில் விழலாம். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. ஊதியம் தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் உள்ள தூரத்தை ஒரு மாலை விருந்து அழித்துவிடப் போவதில்லை. செய்யக்கூடியது கொஞ்சம்தான். மற்றவர்களுக்குச் சொல்லும் அதே நாளில், அதே மாதிரி, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். வேலைக்கு நடுவே, ஈரக்கையோடு நிற்கும்போது சொல்லக் கூடாது. வேலை இல்லாத அன்றைய மாலைக்கும் சம்பளம் உண்டு, வந்தாலும் வராவிட்டாலும் உண்டு என்று சொல்லிவிட வேண்டும். வராவிட்டால் மறுநாள் காரணம் கேட்கக் கூடாது.