வெட்டிய பின் வெற்றிடம்

வேப்பந்தட்டை வட்டாரத்தில் மழை பெய்த ஒரு மாதத்துக்குள் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் பார்த்தீனியம் வெள்ளையாய்ப் பூத்து நிற்கக் காண்கிறோம். தொட்டால் பலருக்குத் தோல் அரிக்கும். மகரந்தம் மூச்சிரைப்பைத் தூண்டும். ஆடுமாடுகள் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. 1950-களில் புனேயில் கண்டறியப்பட்ட இது, இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து. அயல்நாட்டுச் செடி என்று ஏசுகிறோம். ஆனால், அயல் என்பதே குற்றமாகுமா? இங்குள்ள உழவர்க்கு வாழ்வளிக்கும் மக்காச்சோளமும் மெக்சிகோவில் பிறந்ததே. பிறந்த ஊரைப் பற்றியதன்று வழக்கு. வந்த இடத்தில் பிறர்க்கு இடம் விடாமையே வழக்கு.

வெட்டி எறிந்தால் தீராதா என்பீர்கள். மேலே அறுத்தால் அடித்தண்டு மீண்டும் துளிர்க்கும். விதை பிடித்த பின் அறுப்பதோ விதைப்பதற்கு ஒப்பாகும். ஒரே செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை ஈன வல்லது. பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில், வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமை அதனினும் முக்கியம். துத்தி, ஆவாரை, கொழிஞ்சி, தகரை போன்ற நம் மண்ணின் செடிகள் நெருங்கி வளர்ந்த இடத்தில் பார்த்தீனியத்தின் கை ஓங்குவதில்லை. இவற்றுள் சிலவற்றை விதைக்குமாறு வேளாண் அறிஞரும் பரிந்துரைக்கின்றனர். நாமோ ஆவாரையைப் புதர் என்று பொக்லைன் கொண்டு வழித்துவிட்டு, வெற்று மண்ணைச் சுத்தம் என்கிறோம். அந்தச் சுத்தம் பார்த்தீனியத்துக்கு நாமே விரித்து வைக்கும் பாய்.

ஆகவே எழும் வினா இது: தீயதை அகற்றியவரின் கடமை அகற்றியதோடு தீருமா? தீரும் என்போர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கூலிக்கு வந்தவர் மாலையில் வீடு திரும்ப வேண்டும்; ஆண்டு முழுதும் தரிசுக்குக் காவல் நிற்க எவரால் இயலும்? ஆயினும் துத்தியும் ஆவாரையும் கூலி கேட்பதில்லை. முளைத்து வரும் பார்த்தீனியத்தைச் சில பருவங்கள் நாம் விடாது களைந்து வந்தால், பெரும்பகுதிக் காவலை அவை ஏற்றுக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. திருவிழாவுக்கோ அதிகாரியின் வருகைக்கோ பாதையைத் துப்புரவு செய்யச் சொல்பவர் ஒருவர். வெறுங்கையால் பிடுங்குபவர் வேறொருவர், பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அரிப்பும் கொப்புளமும் அவர்கள் கைக்கே. ஊர் நன்மை என்ற பெயரால் அவர்தம் தோலைப் புண்ணாக்கும் உரிமையை நமக்கு யார் தந்தது? ஐப்பசி மழைக்கு முன் சில சோடிக் கையுறைகளும் ஒரு மூட்டை ஆவாரை விதையும் வாங்கி வைக்க எந்த ஊருக்கும் பெருஞ்செலவு ஆகிவிடாது.