வெட்டினதை எங்கே போட்டாய்?

பிரியமானவர்களே, நம் வீட்டைச் சுத்தமாக்கிவிட்டால் நாம் சுத்தமாகிவிட்டோமா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பினது ஒரு பூச்செடி.

எங்கள் வீட்டு முற்றம் திருநெல்வேலி வெயிலில் வெந்து கிடந்த தரை. புல் வைத்தேன், கருகிப்போயிற்று. நர்சரிக்காரர், "வெடேலியா வையுங்க சார், வெயிலுக்கு அசையாது" என்றார். பத்துத் தண்டுகளை நட்டேன். சில மாதங்களில் தரையே தெரியவில்லை. பச்சைப் பாய் விரித்து மஞ்சள் பூ தூவினதுபோல இருந்தது. கணு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்!

படர்கிற செடிக்குக் கத்தரி வேண்டும். விட்டுவிட்டால் தண்டு நீண்டு, அடியில் இலை உதிர்ந்து, பூ குறையும். நாலு விரற்கடை விட்டு வெட்டினால் அடர்ந்து துளிர்க்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் ஒட்ட வெட்டாமல் நுனியை மட்டும் எடுத்து, விடியற்காலையில் தண்ணீர் விடுவேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். "வெட்டினால்தான் பூக்கும்" என்று மற்றவர்களுக்குப் புத்தியும் சொன்னேன்.

வெட்டினதை என்ன செய்தேன்? கூடையில் அள்ளி, மதிலுக்கு அப்பால் வாய்க்காலில் கொட்டினேன்.

ஒருநாள், வாய்க்கால் கரையில் கீரை போட்டுப் பிழைக்கிற பாட்டியம்மா வாசலில் வந்து நின்றார்கள். கையில் அந்தக் கொடி.

"தம்பி, இது உங்க வீட்டுப் பூவுதான? மஞ்சக் கரிசலாங்கண்ணின்னு நெனச்சு முதல்ல விட்டுட்டேன். இப்போ பாத்தி பூராவும் ஏறிப்போச்சு. புடுங்குதேன், மறுபடியும் வருது. உங்க வீடு சுத்தமாவுது, எங் கரை பாழாவுது."

இருதயத்தில் குத்துண்டேன். மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இந்தச் செடியை, உலகத்திலேயே மிக மோசமாக ஆக்கிரமிக்கும் 100 உயிரினங்களில் ஒன்றாக 2000-ஆம் ஆண்டிலேயே பட்டியலிட்டார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். "தெரியாமல் செய்தேனே" என்று மனம் வாதாடியது. ஆனால் ஒரு துண்டு கிடைத்தால் அது வேர்விடும் என்று எனக்குத் தெரியாதா? நானே துண்டுகளைத்தானே நட்டேன்! தெரியாமல் செய்யவில்லை, நினையாமல் செய்தேன். நினையாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

சிந்தித்துப் பாருங்கள். ஆபீசில் அடக்கின கோபத்தை வீட்டில் பிள்ளைகள்மேல் கொட்டிவிட்டு, "நான் பொறுமைசாலி" என்கிறோம். நம் கையை விட்டுப் போனது ஒழிந்தது என்று எண்ணுகிறோம். அதுவோ, எதிர்த்துப் பேசமுடியாதவர்கள் மண்ணில் வேர்விடுகிறது.

பாட்டியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார்கள். ஆனால் மன்னிப்பு வேரைப் பிடுங்குமா? அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் மண்வெட்டியோடு போகிறேன். ஒரு கணு மீந்தாலும் மறுவாரம் துளிர் நிற்கிறது. "வாங்க தம்பி, இன்னும் கெடக்கு" என்பார்கள். வீட்டில் வெட்டினதையும் அங்கே பிடுங்கினதையும் மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும்வரை காயவைத்தே குப்பைக்குழியில் போடுகிறேன்.

செடி இப்போதும் முற்றத்தில் பூக்கிறது. ஆனால் பாராட்டுக் கேட்டால் சந்தோஷப்பட முடியவில்லை.

அன்பானவர்களே, நீங்களும் வாழ்க்கையில் பலவற்றை வெட்டி எறிந்திருப்பீர்கள். அது யாருடைய பாத்தியில் கிடக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.